டாக்ஃபிஷ் ஏறாத ரிக் ஏதாவது இருக்கிறதா?

கேள்வி கேட்ட தம்பி இங்கிலாந்தில் ரெடிங் ஊரில் வேலை பார்க்கிறார். வார இறுதியில் வண்டியெடுத்து டோர்செட் பக்கம் செசில் கடற்கரைக்குப் போய், சாயங்காலத்திலிருந்து நள்ளிரவு வரை மேக்கரல் துண்டு கோத்து வீசுகிறார். வைட்டிங், பாஸ், திருக்கை என்று ஆசைப்பட்டுப் போனால் ஏறுவதெல்லாம் ஒன்றரை முழ நீளத்துக்குப் புள்ளி போட்ட குட்டிச் சுறா, அதாவது டாக்ஃபிஷ். கடையில் ஃப்ளாப்பர், புல்லி, பென்னல், ரன்னிங் லெஜர் என்று சுவர் நிறைய ரிக் பாக்கெட் (முள், ஈயக் குண்டு, நரம்பு எல்லாம் சேர்த்துக் கட்டிய தூண்டில் ஏற்பாடு) தொங்குகிறதாம். "எந்த ரிக் போட்டால் இந்தச் சனியன் வராது, எதை வாங்குவது?" என்பது கேள்வி.

முதல் பாதிக்குப் பதில்: இரை கடல் தரையில் கிடக்கும்வரை அப்படி ஒரு ரிக் கிடையாது. டாக்ஃபிஷைக் கூட்டி வருவது உங்கள் இரையும், நீங்கள் போகும் நேரமும், அதை எவ்வளவு நேரம் ஒரே இடத்தில் ஊறப்போடுகிறீர்கள் என்பதும்தான். ரிக்கின் வேலை வேறு. இரை எவ்வளவு தூரம் போகவேண்டும், எந்த மாதிரித் தரையில் படுக்கவேண்டும், மாட்டிய மீன் பாறையில் சிக்காமல் எப்படி வரவேண்டும் என்பதைத்தான் ரிக் தீர்மானிக்கும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஆட்கள் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி, எல்லாவற்றிலும் அதே டாக்ஃபிஷைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த மீன் எப்படிச் சாப்பாடு தேடுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். பிரிட்டன் கரையோரம் நாம் பிடிப்பது பெரும்பாலும் 60 முதல் 75 சென்டிமீட்டர் இருக்கும். மணலிலும் சரளையிலும் தரையை ஒட்டியே நீந்தும். நண்டு, இறால், சங்குப் பூச்சி, புழு, சின்ன மீன், செத்துக் கிடப்பது எதுவானாலும் விடாது. கண்ணை நம்பி வேட்டையாடும் ஜாதி இல்லை. மூக்கு ஒன்று, முகத்தில் இருக்கும் மின்னுணர்வுத் துளைகள் இன்னொன்று. 1971-ல் அட்ரியானஸ் கால்மைன் என்ற டச்சு ஆய்வாளர் இதே இனத்தை வைத்துத்தான் ஒரு அழகான சோதனை செய்தார். உயிருள்ள தட்டை மீனை அகர் கூழால் மூடிய பெட்டியில் வைத்து மணலுக்குள் புதைத்தார். வாசனை மேலே வர வழியில்லை. ஆனாலும் சுறா நேராக வந்து அந்த இடத்தையே தோண்டியது. கூழின்மேல் மின்சாரம் கடத்தாத மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போட்டதும் மீன் இருப்பதே தெரியாமல் கடந்து போனது. மீனே இல்லாமல் வெறும் மின்முனையை மணலுக்குள் வைத்தபோது அதைத் தோண்டியது.

இதில் நமக்கு என்ன இருக்கிறது? மின்னுணர்வு வேலை செய்வது கடைசி ஒரு சாண் தூரத்தில்தான். அதுவரை அதை இழுத்து வருவது வாசனை. நீங்கள் கோப்பதோ எண்ணெய் வடியும் மேக்கரல். நீரோட்டத்தில் அந்த எண்ணெயும் ரத்தமும் கோடு போட்டதுபோல நீண்டு போகும். டாக்ஃபிஷ் அவசரப்படாது, அந்தக் கோட்டைப் பிடித்து எதிர்நீச்சலில் மெதுவாக வந்துசேரும். அரை மணி நேரம் ஊறப்போட்டீர்கள் என்றால் அந்தக் கோட்டில் இருக்கும் அத்தனைக்கும் பந்தி போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அடுத்தது நேரம். அயர்லாந்தின் தென்மேற்கில் லாக் ஹைன் என்று கடலோடு இணைந்த ஒரு ஏரி இருக்கிறது. அங்கே இந்த மீன்களில் குறிக்கருவி பொருத்திப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். ஆண் மீன்கள் பகலில் ஆழமான குளிர்ந்த நீரில் சும்மா கிடந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் ஆழம் குறைந்த பக்கம் வந்து மேய்ந்துவிட்டு, திரும்ப ஆழத்துக்குப் போய்ப் படுக்கின்றன. பெண் மீன்கள் பகலில் ஆண்களின் தொல்லை தாங்காமல் பாறைப் பொந்துகளில் ஒடுங்கிக் கிடக்கின்றன. ஆக, நீங்கள் சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டூலைப் போட்டு உட்காரும் நேரமும் அவை கரைப்பக்கம் சாப்பிட வரும் நேரமும் ஒன்றாகவே இருக்கிறது. பகலில் அறவே வராது என்று சொல்லவில்லை. செசிலில் பகலிலும் வரும், இருட்டிய பிறகு வருவதைவிடக் குறைவாக.

செசிலைப் பற்றி ஒரு வார்த்தை. வெஸ்ட் பே தொடங்கி போர்ட்லண்ட் வரை 29 கிலோமீட்டர் நீளத்துக்குக் கூழாங்கல் மேடு. மேற்குக் கோடியில் கல் பட்டாணி அளவு, போர்ட்லண்ட் பக்கம் போகப்போக உருளைக்கிழங்கு அளவு. இருட்டில் கரையேறும் பழைய மீனவர்கள் கல்லைக் கையிலெடுத்துப் பார்த்தே எந்த இடத்துக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லிவிடுவார்களாம். நமக்கு முக்கியம் என்னவென்றால் அந்தக் கரை செங்குத்தாகச் சரிகிறது. போர்ட்லண்ட் பக்கம் கொஞ்சத் தூரத்திலேயே ஆழம். அதனால் நூறு மீட்டர் வீசினால்தான் மீன் என்பது அங்கே எப்போதும் உண்மையில்லை. பலர் முழு பலத்தோடு வீசி டாக்ஃபிஷ் மேயும் இடத்தில் இரையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, காலடியில் பாஸ் போவதை விட்டுவிடுகிறார்கள். இன்னொன்று, சரிவு அதிகம் என்பதால் அலை திரும்பும்போது காலை வாரிவிடும். பெரிய அலை அடிக்கிற நாளில் தண்ணீர் ஓரம் நிற்கவே வேண்டாம், மீன் மாட்டியிருந்தாலும் இறங்க வேண்டாம்.

சரி, என்ன மாற்றுவது? முதலில் இரை. மேக்கரல், கணவாய், மணல் ஈல் மூன்றும் டாக்ஃபிஷுக்கு அழைப்பிதழ். திருக்கைக்கும் காங்கர் ஈலுக்கும் அதே இரைதான் என்பது உண்மை. அந்த இரண்டையும் குறிவைத்து இரவில் போகிறீர்கள் என்றால் டாக்ஃபிஷைச் சகித்துக்கொண்டுதான் ஆகவேண்டும், வேறு வழியில்லை. ஆனால் உங்களுக்கு வைட்டிங், பௌட்டிங், டாப், ப்ளேஸ் மாதிரித் தட்டை மீன்கள் போதும் என்றால் லக்வார்ம், ராக்வார்ம் போன்ற கடற்புழுவுக்கு மாறுங்கள். புழுவையும் டாக்ஃபிஷ் சாப்பிடும். ஆனால் எண்ணெய் இல்லாத இரையின் வாசனை மேக்கரல் போல அத்தனை தூரத்துக்கு ஊரைக் கூட்டாது. புழு நுனியில் மறக்காமல் ஒரு மேக்கரல் கீற்று சேர்ப்பது பலருக்குப் பழக்கம். டாக்ஃபிஷ் தொல்லை இருக்கும் இரவில் அந்தக் கீற்றை விட்டுவிடுங்கள். வசந்தகாலக் கடைசியிலிருந்து கோடை முழுக்க நண்டு நல்ல இரை. ஓடு கழற்றத் தயாராக இருக்கும் பீலர் நண்டு கிடைத்தால் ஸ்மூத்ஹவுண்ட் என்ற இன்னொரு சின்னச் சுறாவும் பாஸும் வரும். டாக்ஃபிஷும் வரும், ஆனால் மேக்கரலுக்கு வரும் கூட்டம் இருக்காது.

இரண்டாவது, ஊறப்போடும் நேரம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அசைவு இல்லையென்றால் சுருட்டி, இரை மாற்றி, அதே இடத்தில் போடாமல் இருபது முப்பது மீட்டர் தள்ளிப் போடுங்கள். வைட்டிங் கூட்டமாக வரும், வந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் தட்டிவிடும். பொறுமையாகக் காத்திருந்தால் பெரியது வரும் என்பது எல்லா மீனுக்கும் பொருந்தாது. இந்தக் கரையில் பொறுமைக்குப் பெரும்பாலும் கிடைப்பது டாக்ஃபிஷ்.

மூன்றாவது நீரோட்டம். ஓட்டம் தளர்ந்து நிற்கிற அரை மணி, ஒரு மணி நேரத்தில்தான் இவை வரிசையாக ஏறும் என்பது நான் பார்த்தவரை பெரும்பாலும் சரியாக இருக்கிறது. நல்ல ஓட்டம் இருக்கும்போது மற்ற மீனுக்கு முயற்சி செய்துவிட்டு, ஓட்டம் நிற்கும்போது டீ குடிக்கலாம்.

இப்போது ரிக்குக்கு வருகிறேன். ஃப்ளாப்பர் (ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று முள் கட்டிய ரிக்) போட்டால் மேல் முள் தரைக்கு மேலே நிற்கும், டாக்ஃபிஷ் தொடாது என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கடற்பாலத்தில் நின்று போட்டால் அதில் கொஞ்சம் உண்மை உண்டு, கடற்கரையிலிருந்து போட்டால் இல்லை. கணக்கைப் பாருங்கள். செசிலில் 80 மீட்டர் தூண்டில் நரம்பு வெளியே போயிருக்கிறது, ராட் நுனியிலிருந்து ஈயம் கிடக்கும் தரை வரை 14 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். நரம்பு தரையோடு கிட்டத்தட்ட பத்து டிகிரிச் சாய்வில்தான் இருக்கும். ஈயத்திலிருந்து ஒரு மீட்டர் மேலே கட்டிய முள் தரையிலிருந்து 17 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். அதுவும் நரம்பு கம்பிபோல விறைப்பாக இருந்தால். ஓட்டத்தில் நரம்பு தொய்ந்து வளைவதால் நிஜத்தில் மூன்று முள்ளும் தரையில்தான் படுத்திருக்கும். கென்ட்டில் டீல் பாலம் மாதிரி ஓரிடத்தில் 15 மீட்டர் உயரத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி இறக்கினீர்கள் என்றால் அதே முள் 60 சென்டிமீட்டர் மேலே நிற்கும். அங்கே மேல் முள்ளுக்கு வைட்டிங்கும் கீழ் முள்ளுக்கு டாக்ஃபிஷும் தட்டையும் என்று பிரிந்து வருவதைக் கண்கூடாகப் பார்க்கலாம். முள்ளுக்குப் பக்கத்தில் மிதக்கும் மணி கோப்பதும் இதே கதைதான்: நண்டு கடிக்காமல் இரையைச் சில அங்குலம் தூக்கும், அதற்கு நல்லது. டாக்ஃபிஷுக்குச் சில அங்குலம் ஒரு பொருட்டே இல்லை.

டாக்ஃபிஷ் தொடவே தொடாத ஏற்பாடு வேண்டுமென்றால் தரையை விட்டு முழுக்க மேலே வரவேண்டும். மிதவை கட்டி இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில் இரையைத் தொங்கவிடலாம். கோடையில் மேக்கரலுக்கு இறகு ரிக்கை இழுத்துச் சுருட்டலாம். பாஸுக்கு லூர் என்ற செயற்கை இரையை வீசலாம். இவற்றில் டாக்ஃபிஷ் ஏறினால் அது அதிசயம். ஆனால் இவை வேறு வகைத் தூண்டில், நீங்கள் கேட்டது தரை ஈயம் பற்றி.

தரைக்கு என்று வந்தால் இரண்டு ரிக் போதும், மூன்றாவது வசதிக்கு. பாக்கியெல்லாம் இவற்றின் பேரப்பிள்ளைகள்.

ஃப்ளாப்பர் முதலாவது. 60 பவுண்ட் தாங்கும் நரம்பில் ஒன்றரை மீட்டர் உடல், அடியில் ஈயம், பக்கவாட்டில் மூன்று ஸ்னூட், அதாவது முள் கட்டும் கிளை நரம்பு. ஒவ்வொரு ஸ்னூட்டும் ஒரு ஸ்விவலில் (சுழலும் இணைப்பு வளையம்), அந்த ஸ்விவல் இரண்டு மணிகளுக்கு நடுவில், மணிகள் நகராதபடி இருபுறமும் கிரிம்ப் (நசுக்கி இறுக்கும் சின்ன உலோகக் குழாய்) அழுத்தியிருக்க வேண்டும். ஸ்னூட்டின் நீளம் இரண்டு ஸ்னூட்டுக்கு நடுவே உள்ள இடைவெளியைவிடக் குறைவாக இருக்கிறதா என்று கடையில் வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நீளமாக இருந்தால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மலிவு பாக்கெட்டுகளில் பெரும்பாலும் இந்தக் குறைதான். முள் 2 அல்லது 1 நம்பர், நீண்ட காம்புள்ள ஆபர்டீன் வகை. இதைப் பகலிலும், என்ன மீன் இருக்கிறது என்று தெரியாத இடத்திலும் போடுங்கள். மூன்று முள்ளில் மூன்று விதமான இரை கோத்தால் எந்த இரைக்கு யார் வருகிறார்கள் என்று அரை மணியில் தெரிந்துவிடும். டாக்ஃபிஷ் கூட்டத்தில் மட்டும் இது வேண்டாம். இரண்டு மூன்று ஒரே நேரத்தில் ஏறி உடம்பைச் சுழற்றினால் ரிக் சடை பின்னிய மாதிரி வரும், பிரித்தெடுப்பதைவிட வெட்டிப் போடுவதே மேல். ஸ்னூட்டை 15 பவுண்ட் மெல்லிய நரம்பில் கட்டாமல் 25, 30 பவுண்ட் விறைப்பான நரம்பில் கட்டினால் முறுக்கல் குறையும். அம்னீசியா என்று விற்கும் சுருள் நினைவில்லாத நரம்பு இதற்கென்றே செய்தது போல இருக்கும்.

இரண்டாவது புல்லி. இதை நீங்களே கட்டப் பழகுங்கள், பத்து நிமிட வேலை. 60 அல்லது 80 பவுண்ட் நரம்பில் ஒன்றேகால் மீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனையில் ஈயம் மாட்டும் கிளிப்பைக் கட்டுங்கள். மறுமுனை வழியாக ஒரு மணி, ஒரு புல்லி மணி அல்லது பெரிய ஸ்விவல், இன்னொரு மணி என்று கோத்துவிட்டு, அந்த முனையில் ஒரு ஸ்விவலைக் கட்டுங்கள். அந்த ஸ்விவலிலிருந்து 40 பவுண்ட் நரம்பில் இரண்டு அடி ஸ்னூட், நுனியில் 3/0 முள். நடுவில் இருக்கும் புல்லி மணிதான் உங்கள் லீடரோடு (ரீல் நரம்பின் நுனியில் கட்டும் தடித்த நரம்பு) சேரும். இப்போது இரண்டு விரலில் புல்லி மணியைப் பிடித்துக்கொண்டு முள் பக்கத்தை இழுத்துப் பாருங்கள்: ஈயம் மேலே ஏறி மணியில் இடித்து நிற்கும். மீன் மாட்டியதும் இதுதான் நடக்கிறது. மீனின் இழுப்பு ஈயத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடுவதால், சுருட்டும்போது ஈயம் முன்னால் உயரமாக வரும், பாறை இடுக்கிலும் பாசியிலும் மாட்டாது. பாறையும் மணலும் கலந்த தரைக்கு இதைவிட நல்லது இன்னும் வரவில்லை. தூரம் வேண்டுமென்றால் ஈயத்தின் மேலேயே இருக்கும் கிளிப்பில் முள்ளை மாட்டி வீசுங்கள், தண்ணீரில் மோதியதும் தானே கழன்றுகொள்ளும். இரை காற்றில் பறக்காமல் ஈயத்தின் பின்னால் ஒதுங்கிப் போவதால் முழுதாகப் போய்ச் சேரும். கிளிப்பில் மாட்டியதும் ஸ்னூட் விறைப்பாக நிற்கவேண்டும், தொங்கினால் வீசும்போதே கழன்றுவிடும்.

பென்னல் என்று தனியாக விற்பது ரிக் இல்லை, ஒரே ஸ்னூட்டில் இரண்டு முள் வைக்கும் முறை. பெரிய இரையை இரண்டு முனையிலும் பிடித்து நேராக வைக்கும். புல்லியோடு சேர்த்தால் காட் மீனுக்கும் காங்கருக்கும் நல்லது. ஆனால் டாக்ஃபிஷ் விழுங்கிவிட்டால் இரண்டு முள்ளைக் கழற்ற வேண்டியிருக்கும், அந்த வேலை இருட்டில் சுகமில்லை.

மூன்றாவது ரன்னிங் லெஜர். ஈயம் நரம்பில் ஓடும்படி கோத்து, கீழே ஸ்விவல், ஒரு மீட்டர் ஸ்னூட். மீன் இரையை எடுத்துக்கொண்டு ஓடும்போது ஈயத்தின் கனம் தெரியாது. சுத்தமான மணலில், குறைந்த தூரத்தில், ஸ்மூத்ஹவுண்டுக்கும் பாஸுக்கும் திருக்கைக்கும். ஆனால் டாக்ஃபிஷ் ஆழமாக விழுங்குவதும் இதில்தான் அதிகம், ஏனென்றால் நீங்கள் கவனிக்கும்வரை அது நிம்மதியாக மென்றுகொண்டிருக்கும்.

எந்த ரிக்கானாலும் ஒன்றில் சமரசம் வேண்டாம்: ஷாக் லீடர். ஈயத்தின் ஒரு அவுன்ஸுக்கு 10 பவுண்ட் என்பது வழக்கக் கணக்கு. 5 அவுன்ஸ் ஈயத்துக்கு 50, இரையின் கனத்தையும் சேர்த்து 60 பவுண்ட் லீடர். ரீலில் இருக்கும் 15, 18 பவுண்ட் நரம்பில் நேராக ஈயம் கட்டி முழு வேகத்தில் வீசினால், அறுந்த ஈயம் துப்பாக்கிக் குண்டாகப் போகும். பக்கத்தில் குடும்பத்தோடு நிற்பவர்கள் இருக்கிறார்கள். கடையில் ரிக் வாங்கும்போதும் உடல் நரம்பு எத்தனை பவுண்ட் என்று அட்டையில் படியுங்கள். அது எழுதாத பாக்கெட்டை அங்கேயே வைத்துவிடுங்கள்.

முள்ளை மாற்றினால் டாக்ஃபிஷ் குறையுமா என்றும் கேட்டிருந்தீர்கள். குறையாது. அதன் வாய் உடம்புக்கு மீறிய அகலம், 4/0 முள்ளையும் எளிதாக எடுக்கும். சொல்லப்போனால் பல நேரம் முள் மாட்டுவதே இல்லை. இரையைக் கவ்விக்கொண்டு விடாப்பிடியாகக் கூடவே வந்து, தண்ணீர் மட்டத்தில் உங்கள் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டுப் போகும். முள் மாற்றுவதால் கிடைக்கும் நன்மை வேறு: நுனி உள்நோக்கி வளைந்த சர்க்கிள் முள் போட்டால் பெரும்பாலும் வாய் ஓரத்தில் மாட்டும், தொண்டைக்குப் போகாது. வெடுக்கென்று சுண்டாமல், ராட் வளைந்ததும் மெதுவாகச் சுருட்டினால் போதும். சுண்டிவிட்டால் சர்க்கிள் முள் வாயிலிருந்து நழுவிவிடும். சர்க்கிள் பிடிக்காதவர்கள் முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்ப்பிசிறைக் குறடால் நசுக்கிவிடலாம், கழற்றுவது பாதி நேரத்தில் முடியும்.

கழற்றுவது என்றதும் கைப்பிடி பற்றிச் சொல்லவேண்டும். இதன் தோல் முழுக்கப் பல் போன்ற நுண்ணிய செதில்கள், உப்புக்காகிதம்தான். தலையை மட்டும் பிடித்தால் வாலைச் சுழற்றி முழங்கையைச் சுற்றிக்கொண்டு இறுக்கி இழுக்கும். விடுபட்டதும் பார்த்தால் தோல் சிராய்த்து ரத்தம் எட்டிப்பார்க்கும், உப்புத் தண்ணீர் பட்டதும் எரியும். வழி இதுதான்: ஒரு கையால் தலைக்குப் பின்னால் பிடியுங்கள், மறுகையால் வாலை மடித்துக் கொண்டுவந்து தலையோடு சேர்த்து, இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொள்ளுங்கள். வளையம்போல ஆனபிறகு அதால் சுற்ற முடியாது. மறுகை நீண்ட மூக்குக் குறடோடு முள்ளுக்குப் போகலாம். ஈரத் துணி ஒன்று வைத்திருந்தால் இன்னும் நல்லது. முள் தொண்டைக்குள் போய்விட்டது, கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் நோண்டாதீர்கள். ஸ்னூட்டை எட்டும்வரை உள்ளே வெட்டிவிட்டு விட்டுவிடுங்கள். கெட்டி உயிர், இழுவலையில் அடிபட்டுக் கொட்டப்பட்டவைகூடப் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன என்று மேற்கு ஆங்கிலக் கால்வாயில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் கூழாங்கல்மேல் எறிந்து "ஒழிந்தது" என்று விட்டுப்போகும் ஆட்களைப் பார்த்தால் எனக்குப் பிடிப்பதில்லை. வேண்டாத மீன் என்பது நம் பிரச்சினை, அதனுடையது அல்ல.

புள்ளி போட்ட சின்னச் சுறா எல்லாம் டாக்ஃபிஷ் என்று நினைத்துவிடாதீர்கள். மணல் நிறத்தில் பொடிப்பொடியாகப் பழுப்புப் புள்ளி என்றால் டாக்ஃபிஷ். அதேபோல ஆனால் புள்ளி பெரிது, உடம்பும் தடிமன் என்றால் புல் ஹஸ். சந்தேகம் வந்தால் திருப்பி மூக்கின் அடியைப் பாருங்கள். டாக்ஃபிஷுக்கு மூக்கு மடல் ஒன்றாகச் சேர்ந்து வாய்வரை வரும், ஹஸ்ஸுக்கு இரண்டாகப் பிரிந்திருக்கும். சாம்பல் நிறத்தில் வெள்ளைப் புள்ளி, பல் கூரில்லாமல் தட்டை என்றால் ஸ்மூத்ஹவுண்ட், பல பேர் அதற்காகவே நண்டு தேடி அலைகிறார்கள். முதுகுத் துடுப்பு ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு முள் இருந்தால் ஸ்பர்டாக், அந்த முள்ளில் விஷம் உண்டு, கை வைக்காதீர்கள். புள்ளியே இல்லாத சாம்பல், கூர்மையான பல், வாலில் ஆழமான வெட்டு என்றால் டோப் குட்டி. டோப்பைப் படகிலிருந்து தூண்டிலில் பிடித்துக் கரைக்குக் கொண்டுவர இங்கிலாந்தில் 2008 ஆணைப்படி தடை. கரையிலிருந்து பிடிப்பவர்களும் விட்டுவிடுவதுதான் வழக்கம், நீங்களும் விட்டுவிடுங்கள். பாஸ் கிடைத்தால் 42 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை வைத்துக்கொள்ளக் கூடாது. எந்த மாதங்களில், ஒரு நாளைக்கு எத்தனை என்பது மாறிக்கொண்டே இருக்கும், போகும் முன் அரசாங்கத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அடுத்த பயணத்துக்கு நான் சொல்வது: சாயங்காலம் போவதற்குப் பதில் மதியமே போய்ச் சேருங்கள், வெளிச்சம் இருக்கும்போது லக்வார்மோடு ஃப்ளாப்பர் போட்டு முப்பது நாற்பது மீட்டரிலிருந்து தொடங்கித் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். இருட்டியதும் புல்லிக்கு மாறி ஒரே முள். அப்போது மேக்கரல் கோப்பதானால் திருக்கைக்காகக் கோக்கிறேன், நடுவில் டாக்ஃபிஷ் வரும் என்று தெரிந்தே கோத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கேட்காத ஒரு கேள்வி. சுறாப்புட்டு செய்யலாமா? தாராளமாக. இங்கே மீன் சிப்ஸ் கடையில் ராக் சால்மன் என்று விற்பதெல்லாம் இதுபோன்ற சின்னச் சுறாக்கள்தான். ஆனால் சுறா ரத்தத்தில் யூரியா இருப்பதால், செத்தபிறகு அப்படியே வைத்தால் அது அம்மோனியாவாகி வாடை அடிக்கும். ஒன்றிரண்டு வைத்துக்கொள்வதானால் கரையிலேயே கொன்று, ரத்தம் வடியவிட்டு, குடலெடுத்து, ஐஸில் போடுங்கள். இங்கத்திய ஆட்கள் தோலுரிக்க ஆணியடித்துக் குறடால் இழுத்து மல்லுக்கட்டுவார்கள். நம் வீட்டு முறை எளிது: மஞ்சள் போட்ட தண்ணீரில் துண்டுகளைப் பத்து நிமிடம் வேகவிட்டால் தோல் கையோடு வரும், மணல் போன்ற பொடியைத் துடைத்தெடுத்துவிட்டு நடுக் குருத்தை நீக்கி உதிர்த்துத் தண்ணீரைப் பிழிந்துவிடுங்கள். சோம்பு, நிறைய வெங்காயம், அதைவிட நிறையப் பூண்டு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, மீனைக் கொட்டிச் சிறு தீயில் பொலபொலவென்று வரும்வரை கிளறுங்கள். ஒரு டாக்ஃபிஷில் ஒரு ஆளுக்குத்தான் தேறும், அதனால் இரண்டு. வேகவைக்கும்போது சமையலறை ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை அலாரம் அடிக்காவிட்டாலும் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.